வனக்குளியலா, உளஇயக்கச் சிகிச்சையா: எது எதற்கு, எந்த வரிசையில்?

கேள்வியின் சாரம் இது: இரண்டு வருடமாகக் காரணம் பிடிபடாத சோர்வு. எரிச்சல் வெளியாட்களிடம் வருவதில்லை, நெருங்கியவர்கள்மேல் மட்டும் பாய்கிறது. தூக்கம் அரைகுறை. ஒருவர் சைக்கோடைனமிக் தெரபிக்கு, அதாவது உளஇயக்கச் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். இன்னொருவர் மரங்களுக்கு நடுவே போய் உட்கார், வனக்குளியலே போதும் என்கிறார். எதைச் செய்வது, இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

சேர்த்துச் செய்யலாம். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்துக்கொண்டு போனால் இரண்டுமே வீணாகும். வனக்குளியல் உடம்பின் படபடப்பைத் தணிக்கும். உளஇயக்கச் சிகிச்சை பல சமயம் அதற்கு நேர் எதிர்: அடங்கிக் கிடப்பதைக் கிளறும். தணிக்க வேண்டிய நேரத்தில் கிளறினாலும், கிளற வேண்டிய நேரத்தில் தணித்தாலும் காரியம் கெடும். எது உசத்தி என்பதைவிட எது எப்போது என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. இரண்டு வருடச் சோர்வு என்றால் தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவை உடம்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பால்யத்தை அலசிப் பயனில்லை. கூடவே பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பி, தேதி போட்டு வையுங்கள். கடைசி இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. 10-ஐத் தொட்டாலே மனநல மருத்துவரை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எதைக் குறித்தாலும், மொத்தம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மரமும் தெரபியும் அதற்குப் பிறகுதான்.

உளஇயக்கச் சிகிச்சையின் அடிப்படை எண்ணம் எளிது. தாங்க முடியாத உணர்வுகளை நமக்கே தெரியாமல் ஒதுக்கி வைக்கிறோம். ஒதுக்குவதற்கு நாம் பழகிக்கொண்ட வழியே பின்னால் தொந்தரவாகிறது. பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் டேவிட் மாலன் இதை இரண்டு முக்கோணங்களாக விளக்கினார். முதல் முக்கோணத்தின் முனைகள்: மறைந்திருக்கும் உணர்வு, அது வெளியே வந்தால் என்னாகுமோ என்ற பதற்றம், அந்தப் பதற்றத்தைத் தவிர்க்கும் தற்காப்பு. இரண்டாவதன் முனைகள்: இன்றைய மனிதர்கள், பழைய மனிதர்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர். முதல் முக்கோணத்தில் நடப்பது இரண்டாவதன் மூன்று முனைகளிலும் அச்சு மாறாமல் திரும்ப நடக்கும்.

உதாரணத்துக்கு, மேலதிகாரி உங்கள் வேலையைப் பலர் முன்னால் குறை சொல்கிறார். கோபம் வர வேண்டிய இடம். கோபத்தைக் காட்டினால் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் அதைவிட வேகமாக வந்துவிடுகிறது. உடனே அளவுக்கு மீறிய பணிவு. கோபம் எங்கும் போய்விடவில்லை. சாயங்காலம் கதவைச் சத்தமாகச் சாத்திய குழந்தைமேல் இறங்குகிறது. பிறகு குற்ற உணர்வு, அதன் வால் பிடித்துச் சோர்வு. உங்கள் கதை இதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் எரிச்சல் நெருங்கியவர்களிடம் மட்டும் பாய்கிறது என்றால், சிகிச்சையாளர் முதலில் மோப்பம் பிடிக்கும் தடம் இதுவாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து அதே பணிவு அவரிடமும் வரும். ஒரு நாள் அவர் பத்து நிமிடம் தாமதமாக ஆரம்பிக்கிறார். "பரவாயில்லை மேடம்" என்று சிரிக்கிறீர்கள். அடுத்த வாரம் நீங்கள் வருவதற்கே மறந்துவிடுகிறீர்கள். டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள்: பழைய உறவின் உணர்வு புது ஆள்மேல் பெயர்ந்து உட்காருவது. அந்த மறதியை அந்த அறையிலேயே கையும் களவுமாகப் பிடித்துப் பேசுவதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. பால்யக் கதையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது வெறும் மேல்தோல்.

நடைமுறை: வாரம் ஒன்று அல்லது இரண்டு செஷன், ஒவ்வொன்றும் 50 நிமிடம், அதே கிழமை, அதே நேரம், அதே அறை. இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. மற்ற எல்லாம் மாறாமல் இருந்தால்தான் உங்கள் தாமதமும் மறதியும் கண்ணில் படும். முதல் இரண்டு மூன்று செஷன் அலசிப் பார்ப்பதற்கு. குறுகிய வடிவங்கள் 16 செஷனை ஒட்டி முடியும். ஆய்வுகள் நீண்டகாலம் என்று கணக்கெடுப்பது ஒரு வருடம் அல்லது 50 செஷனுக்கு மேல். வராத செஷனுக்குக் கட்டணம் உண்டா, விடுமுறை எப்போது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது ஆகிய மூன்றையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: மனத்தில் வருவதை வடிகட்டாமல் சொல்வது. "இதைச் சொல்வது அசட்டுத்தனம்" என்று எது தோன்றுகிறதோ அதை முதலில்.

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஷெட்லர் 2010-ல் பல தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசுபவை) திரட்டி எழுதிய கட்டுரையில் கவனிக்கத்தக்க செய்தி, சிகிச்சை முடிந்த பிறகும் முன்னேற்றம் கூடிக்கொண்டே போனது என்பது. 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பலன் நிறுவப்பட்ட மற்றச் சிகிச்சைகளோடு ஒப்பிட்டு இது அவற்றுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று இதற்குப் பொருள் இல்லை. குறிப்பிட்ட ஒன்றின்மேல் உள்ள பயம், திரும்பத் திரும்பக் கைகழுவுவது போன்ற ஓசிடி ஆகியவற்றுக்குப் பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் நடத்தைச் சிகிச்சைதான் முதல் தேர்வு. மனப்பிறழ்வு முற்றிய நிலை, குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கம் போன்றவற்றுக்கு முதலில் மருத்துவம்.

தப்பாகப் போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, படித்தவர்களின் வியாதி: "அப்பா கண்டிப்பானவர், அதனால்தான் எனக்கு அதிகாரத்தைக் கண்டால் பயம்" என்று கச்சிதமாக விளக்கிவிட்டு, சொல்லும்போது மனம் துளியும் கலங்காமல் உட்கார்ந்திருப்பது. விளக்கமே தற்காப்பாகிவிட்டது. மற்றது, தொடங்கிய சில வாரத்தில் முன்னைவிட மோசமாக இருப்பதுபோல் தோன்றி விட்டுவிடுவது. எந்த மோசம் என்று பிரித்துப் பாருங்கள். கனவு கூடுகிறது, எளிதில் அழுகை வருகிறது, ஆனால் வேலையும் சாப்பாடும் நடக்கிறது என்றால் சரியான தடத்தில்தான் இருக்கிறீர்கள். தூக்கம் அடியோடு போகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் வேகம் அதிகம். அன்றே சொல்ல வேண்டும். "இது எனக்கு உதவுவதாகத் தெரியவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள். நல்ல சிகிச்சையாளர் அதை ஆர்வத்தோடு எடுத்துக்கொள்வார். உங்கள் எதிர்ப்பு மனப்பான்மை என்று மட்டும் சொல்லி வாயை அடைப்பவர் என்றால் ஆளை மாற்றுங்கள்.

இனி காடு. வனக்குளியலுக்கு ஜப்பானியப் பெயரான ஷின்ரின்-யோகு என்ற சொல்லை 1982-ல் உருவாக்கியவர் ஜப்பான் வனத்துறையின் தலைவராக இருந்த தோமோஹிதே அகியாமா. பெயரில் குளியல் இருந்தாலும் தண்ணீர் கிடையாது. காட்டின் காற்றிலும் ஒலியிலும் மணத்திலும் நனைவது. முதலில் வந்தது பிரசாரம், அறிவியல் பின்னால்தான் வந்தது. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகக் குழு 24 காடுகளில் 280 பேரை வைத்து, பாதிப் பேரைக் காட்டுக்கும் பாதிப் பேரை நகரத்துக்கும் அனுப்பி, மறுநாள் இடம் மாற்றி அளந்தது: காட்டில் கார்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோன், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் குறைவு. ஜப்பானில் பணியாற்றும் மருத்துவ ஆய்வாளர் சிங் லி 2005-ல் அந்நாட்டின் நாகானோ பகுதிக் காடுகளுக்கு 12 ஆண்களை மூன்று நாள் அழைத்துப்போய், நோயெதிர்ப்பில் பங்குள்ள என்கே செல்களின் செயல்பாடு கூடியதைக் காட்டினார்.

அந்த 12 பேரை வைத்துக்கொண்டு வனக்குளியல் புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மூன்று நாள் அலுவலகம் போகாமல் இருந்தாலே பலருக்கு உடம்பு தேறும். கார்டிசோலும் விடிந்ததும் உச்சத்துக்குப் போய்ப் பகலில் தானாக இறங்குவது. காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் அளந்துவிட்டு மரத்துக்கு மாலை போட முடியாது. உங்கள் கேள்விக்கு நெருக்கமானது வேறோர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டில் 2015-ல் 38 பேரில் ஒரு பகுதியினரை 90 நிமிடம் இயற்கைச் சூழலிலும், மற்றவர்களை வாகனம் நிறைந்த சாலையோரத்திலும் நடக்கவிட்டார்கள். இயற்கையில் நடந்தவர்களிடம் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது குறைந்தது. அதோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயல்பாடும் குறைந்தது. அளவு வேண்டுமானால், இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை வைத்து 2019-ல் வந்த ஆய்வைப் பார்க்கலாம்: வாரம் 120 நிமிடமாவது இயற்கையில் இருந்தவர்கள் உடல்நலமும் மனநலமும் மேல் என்றார்கள். ஒரே நாளிலா, பிரித்தா என்பதில் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்கள்தானே அதிகம் வெளியே போவார்கள் என்ற கேள்வியை அந்த ஆய்வு முழுக்கத் தீர்க்கவில்லை. இருந்தாலும் தொடங்குவதற்கு நல்ல அளவு.

செய்முறை. ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். தூரம் ஒரு கிலோமீட்டருக்குள். அதைத் தாண்டினால் அது உடற்பயிற்சி. உடற்பயிற்சி நல்லதே, ஆனால் வேறு விஷயம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, போனை விமான நிலைக்கு மாற்றிப் பைக்குள் போடுங்கள். முதல் 15 நிமிடம் உங்கள் வழக்கமான நடையில் பாதி வேகத்தில், பிறகு அதிலும் பாதி. வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். பின்பு புலன் ஒன்றுக்கு ஐந்து நிமிடம்: தூரத்தில் கேட்கும் ஒலி, அருகில் கேட்கும் ஒலி, பட்டையின் சொரசொரப்பு, மண்ணின் ஈரமணம், நிழல் அசைவது. நாக்கை மட்டும் விட்டுவிடுங்கள். தெரியாத இலையையோ பழத்தையோ வாயில் வைக்கக் கூடாது. அதன்பின் ஒரே இடத்தில் 20 நிமிடம் உட்காருங்கள். எழுந்ததும் கிளம்பாமல் ஐந்து நிமிடம் நின்று, பிறகு போங்கள். அடர்காடு கட்டாயமில்லை, வாகன இரைச்சல் அமுங்கும் அளவுக்கு மரங்கள் உள்ள பூங்கா போதும்.

கெடுப்பவை: ஹெட்ஃபோன், படம் எடுப்பது, ஒவ்வொரு செடிக்கும் பெயர் கண்டுபிடிக்கும் செயலி, கூட வந்தவரோடு ஓயாத பேச்சு. இவற்றைவிடப் பெரிய கெடுதி, "அமைதி வந்துவிட்டதா" என்று நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பது. நம் இலக்கணம் காட்டு நிலமான முல்லைக்கு வைத்த உரிப்பொருள் 'இருத்தல்'. அங்கே அது பிரிந்தவருக்காகப் பொறுத்திருப்பது என்றாலும், இந்த 20 நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் இல்லை.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. தாக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கும் பேனிக் எனும் திடீர்ப் பீதி வருபவர்களுக்கும் அடர்த்தியான தனிமை அச்சத்தைக் கூட்டும். அவர்கள் நாற்புறமும் பார்வை போகும் திறந்த இடத்தில், நம்பிக்கையான ஒருவரோடு, பத்து நிமிடத்தில் தொடங்க வேண்டும். ஆஸ்துமா, மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் பருவம் பார்த்துப் போக வேண்டும். மனச்சோர்வு ஆழமாக இருக்கும்போது தனியாக உட்கார்ந்தால் அசைபோடுவது கூடிவிடுவதும் உண்டு. 20 நிமிடத்தில் பத்துக்கு மேல் ஒரே கவலை சுற்றினால் உட்காருவதை விட்டு நடங்கள்; கையால் ஏதாவது தொட்டு எண்ணுங்கள்.

இரண்டையும் எப்படிக் கோப்பது? முதல் விதி என் கணிப்பில் இது: செஷனுக்குச் சற்று முன்பு வனக்குளியல் வேண்டாம். எரிச்சலோடும் படபடப்போடும் போக வேண்டிய இடத்துக்கு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போவதுபோல் ஆகும்; பேச வேண்டிய உணர்வு அதற்குள் வடிந்திருக்கும். செஷன் முடிந்த பிறகு 30 நிமிடம் மரநிழலில் மெதுவாக நடப்பது நல்லது. கிளறியது அடங்க இடம் வேண்டும். அந்த இடம் இல்லாமல் நேரே வேலைக்கோ வீட்டுக்கோ போனால், மிச்சம் இருப்பது அந்தக் குழந்தைமேல்தான் இறங்கும். அப்போது அலசாதீர்கள். அலசல் அறைக்குள் முடிந்துவிட்டது.

நீண்ட வனக்குளியலை இரண்டு செஷனுக்கு நடுவில், அதாவது செவ்வாய் செஷன் என்றால் வெள்ளி அல்லது சனியன்று வையுங்கள். செஷனுக்குப் பிந்தைய 30 நிமிட நடையும் அதோடு சேர்ந்தால், வாரம் 120 நிமிடம் சுலபமாக வந்துவிடும். திரும்பியதும் மூன்று வரி எழுதுங்கள்: எந்த நிமிடத்தில் எழுந்துபோகத் தோன்றியது, என்ன நினைவு தானாக வந்தது, உடம்பில் எங்கே இறுகியது. ஏன் என்று எழுதக் கூடாது. அந்த மூன்று வரியைச் செஷனுக்கு எடுத்துப்போங்கள்.

இங்கேதான் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1958-ல் தனியாக இருக்கும் திறன் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது விசித்திரமானது: அந்தத் திறன் தனிமையில் வளர்வதில்லை. தாய் பக்கத்திலேயே இருக்கிறாள், எதையும் கேட்கவில்லை, குழந்தை தன்பாட்டுக்கு விளையாடுகிறது. இந்த அனுபவம் போதுமான அளவு கிடைத்தவருக்குத்தான் பிற்பாடு தனியாக இருக்க வரும். மரம் உங்களிடம் எதையும் கேட்பதில்லை. ஆகவே அதன் பக்கத்தில் 20 நிமிடம் உட்காருவது ஒருவகைப் பரிசோதனை. ஏழாவது நிமிடத்தில் "நேரத்தை வீணடிக்கிறேன்" என்ற குற்ற உணர்வு வருகிறதா? யார் வீட்டில், யார் முன்னால் சும்மா இருப்பது குற்றமாக இருந்தது? யாரோ பின்னால் நின்று மதிப்பெண் போடுவதுபோல் இருக்கிறதா? திடீரென்று அழுகை வருகிறதா? அறையில் மாதக்கணக்கில் சுற்றி வளைத்துப் போக வேண்டிய இடத்துக்கு இந்த மூன்று வரி குறுக்கு வழி காட்டும்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. மரம் எதையும் கேட்காது என்பதால்தான் மனிதர்களைவிட மரம் மேல் என்று தோன்ற ஆரம்பிக்கும். மரம் குறை சொல்லாது, தாமதமாக வராது, ஏமாற்றாது. ஹரால்ட் சியர்ல்ஸ் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் மனிதரல்லாத சூழலுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1960-லேயே தனி நூல் எழுதியிருக்கிறார். இயற்கையோடு உள்ள உறவு மனத்துக்கு அவசியம் என்பதும், அதுவே மனிதர்களிடமிருந்து ஓடி ஒளியும் இடமாகலாம் என்பதும் அந்தத் துறையில் பழைய செய்தி. கண்டுபிடிக்கும் வழி: வீட்டில் ஒரு சண்டை நடந்த அன்றைக்கெல்லாம் காட்டுக்குப் போகத் தோன்றுகிறதா? போய் வந்த பிறகு அந்தச் சண்டையைப் பேசுகிறீர்களா, அல்லது பேசத் தேவையில்லாமல் போய்விடுகிறதா? இரண்டாவது என்றால், மேலதிகாரி முன்னால் பணிவு செய்த வேலையை இப்போது காடு செய்துகொண்டிருக்கிறது. வனக்குளியலை நிறுத்த வேண்டாம். சண்டை நாளில் மட்டும் தவிர்த்து, நாட்காட்டியில் குறித்த நாளில் மட்டும் போங்கள்.

செஷனையே காட்டில் வைத்துக்கொள்ளலாமா? நடந்துகொண்டே பேசுவது புதிதல்ல. 1910 ஆகஸ்டில் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டு இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரை நெதர்லாந்தின் லைடன் நகரத் தெருக்களில் நான்கு மணி நேரம் நடந்தபடி பேசவைத்தார். முகத்துக்கு முகம் பார்க்கக் கூசுபவர்களுக்குப் பக்கத்தில் நடப்பது எளிதாகவும் இருக்கும். ஆனால் தெரிந்தவர் எதிரே வந்தால் என்ன செய்வது, மழை வந்தால் என்ன, அழுதுகொண்டிருக்கும்போது 50 நிமிடம் முடிந்தால் யார் எந்தப் பக்கம் போவது ஆகியவற்றை முன்கூட்டியே பேசித் தீர்த்திருக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இல்லையென்றால் அறையே மேல்.

எட்டு வாரம் கழித்து பி.எச்.கியூ-9-ஐத் திரும்ப நிரப்புங்கள். 5 புள்ளி இறக்கம் என்றால் பொருட்படுத்தத்தக்க மாற்றம். மாறவில்லை, அல்லது ஏறியிருக்கிறது என்றால் மருந்து பற்றி மனநல மருத்துவரிடம் பேசும் நேரம். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் காட்டுக்குப் போய் நன்றாக இருக்கிறது என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. மதிப்பெண்ணைத் தவிர இன்னொன்றையும் பாருங்கள்: எரிச்சல் வாயைத் தாண்டும் முன்பே "இது காலையில் வந்த கோபம்" என்று ஒருமுறையாவது அடையாளம் தெரிந்ததா? இந்தச் சிகிச்சையின் முதல் விளைச்சல் அநேகமாக அப்படித்தான் வரும்.

சிகிச்சையை முடிக்கும்போதும் வரிசை முக்கியம். முடிக்கும் தேதியைச் சில வாரம் முன்பே பேசி வையுங்கள். 16 செஷன் என்றால் கடைசி மூன்று நான்கு செஷன் பிரிவைப் பற்றியே இருக்கும். பழைய எரிச்சலும் மறதியும் அப்போது திரும்ப எட்டிப் பார்க்கும், நோய் திரும்பிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. அந்த வாரங்களில் காட்டில் இருக்கும் நேரத்தைக் கூட்டாதீர்கள். வழக்கமான அளவே இருக்கட்டும். சிகிச்சையாளர்மேல் வரும் வருத்தமும் கோபமும் மரத்தடியில் கரைந்துவிடாமல் அவரிடமே போய்ச் சேர வேண்டும்.